அம்மப்பாவுக்கு எத்தனை புள்ளி?

சுன்னாகத்தில் மார்கழி பிறந்துவிட்டது என்பதை நான் கலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும். முற்றத்துச் செம்மண் செருப்போடு வீட்டுக்குள் வரும். லண்டனில் இருக்கிற மகள் தொலைபேசியில் விசாரணை தொடங்குவாள். "அப்பா, மேலறையிலை ஏசி வேலை செய்யுதோ? கிணறு இறைச்சாச்சோ? கொமேட் பூட்டியாச்சோ?" எல்லாம் ஆச்சு பிள்ளை என்று சொல்லிவிட்டுத்தான் நான் கொமேட் வாங்கவே புறப்படுவேன்.

உங்களுக்கும் ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ பிள்ளைகள் இருந்தால் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. இல்லையென்றால், நீங்கள் யாழ்ப்பாணம்தானா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போன மார்கழியில் மகள், மருமகன், 12 வயதுப் பேத்தி, 9 வயதுப் பேரன் நாலுபேரும் வந்து இறங்கினார்கள். நாங்கள் சைவம், அவர்களும் சைவம். ஆனாலும் ஹரோவில் வளர்கிற பிள்ளைகளுக்கு நத்தார் இல்லாமல் சரிவராது. சூட்கேஸில் சொக்லேட், அதன் கீழே இன்னும் சொக்லேட், அடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் பிரித்தானியாவைப் பற்றிக் கேள்விகள். நத்தார் சாப்பாடு முடிந்ததும் அங்கே குடும்பம் குடும்பமாக இருந்து விளையாடுவார்களாம். அன்றைக்குப் பின்னேரம் மழைக்குக் கரண்ட் போய், கரண்டோடு வைஃபையும் போக, அந்தப் பெட்டி விறாந்தைக்கு வந்தது.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பிரித்தானியாவைப் பற்றி என்னிடமா கேள்வி! நான் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். வெள்ளைக்காரன் தொடக்கிவைத்த ஒரு கோப்பை முடிக்காமல் அடுத்தவரிடம் பத்திரமாகக் கையளித்துவிட்டு வந்தவன். 1829 இல் அரசாங்க அதிபராக வந்து 1867 வரை யாழ்ப்பாணத்தைக் கட்டியாண்ட டைக் துரையைப் பற்றி விடியவிடியப் பேசுவேன். 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்த லெனாட் வுல்ஃப் ஒரு நாயும் வால்டேரின் புத்தக மூட்டையுமாக வந்து இறங்கியதை, கூடவே நின்று பெட்டி தூக்கியவன் மாதிரி விவரிப்பேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

அணி பிரித்தோம். ஹரோ அணியில் பேத்தி, பேரன், மகள். சுன்னாகம் அணியில் நான், என் மனுசி, பக்கத்து வீட்டு மாஸ்ரர். மாஸ்ரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றுகிற சத்தம் அவருக்கு வேலிக்கு அப்பாலும் கேட்கும் என்பதால் குடையோடு தானாகவே வந்து சேர்ந்தார். மனுசி மட்டும், "எனக்கு உதொண்டும் தெரியாது, நான் தேங்காய் திருவப் போறன்" என்று விலகப் பார்த்தாள். திருவலையை விறாந்தைக் கதவடிக்குக் கொண்டுவரச் சொல்லிப் பெயருக்கு ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டேன்.

மருமகன்தான் கேள்வி கேட்பவர். அதற்கு அவரிடம் தகுதி உண்டு. பிரித்தானியக் குடியுரிமைக்கு ஒரு சோதனை இருக்கிறதல்லவா, 24 கேள்வி, 45 நிமிஷம், 18 சரிவந்தால்தான் சித்தி. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே அதற்குப் படித்துச் சித்தியடைந்தவர். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிமாரையும் வரிசை தப்பாமல் சொல்லுவார். சொந்தக் கலியாண நாளைக் கேட்டால் என் மகளின் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு கேள்விக்கு 30 விநாடி. அதை அளக்க ஒரு குட்டி மணற்குப்பி. அங்கேதான் பிடித்தது சனி. அரசாங்கத்தில் இருந்தவனிடம் 30 வருஷம் கேள், தருவான். 30 விநாடியில் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிக்கமாட்டேன்.

முதல் சுற்று சரித்திரம். எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி யார் என்று கேள்வி. நான் தொண்டையைச் செருமுவதற்குள் கதவடியிலிருந்து, "ஆறு கலியாணமோ? குறிப்புப் பாராமல் செய்தால் உப்பிடித்தான்" என்று ஒரு குரல். பேத்தி "அரகன் கத்தரீன்" என்று சொல்லிப் புள்ளியை எடுத்துவிட்டாள். மருமகன் மேலதிக விளக்கம் தந்தார். அந்தக் கத்தரீன் முதலில் ஹென்றியின் தமையனைத்தான் முடித்தாளாம். 2,00,000 கிரவுண் சீதனம் பேசி, பாதிதான் கைக்கு வந்ததாம். 1502 இல் மாப்பிள்ளை செத்துப்போக, வந்த பாதியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், மிச்சப் பாதியையும் விட மனமில்லாமல், மாமனார் பெட்டையைப் போகவும் விடாமல் வைத்திருந்தாராம். மனுசி திருவலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப அவையும் எங்கடை ஆக்களே?"

அடுத்த கேள்வியைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னருக்குப் போர்த்துக்கேய இளவரசி சீதனமாகக் கொண்டுவந்த இந்திய நகரம் எது? விடை எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விடையை மொட்டையாகச் சொல்லுவது மரியாதையா? எழுந்து நின்றேன். "சீதனம் என்று வரும்போது நாங்கள் முதலில் தேசவழமையைப் பார்க்கவேணும். 1707 இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் கொண்டுவந்தார்கள். பிறகு பிரித்தானியர் 1806 இல் அதையே சட்டமாக ஏற்று..."

"ரைம் அப்!" என்றான் பேரன்.

"பொம்பே" என்றாள் பேத்தி. ஒரே சொல். ஒரு புள்ளி.

அந்தப் பம்பாயைச் சார்ள்ஸ் 1668 இல் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வருஷம் 10 பவுண்ஸ் வாடகைக்குக் கொடுத்தாராம். மாஸ்ரருக்குப் பொறுக்கவில்லை. "முழுப் பம்பாயும் பத்துப் பவுண்ஸோ? எங்கடை றோட்டுக் கரையிலை ஒரு பரப்பு என்ன விலை போகுது தெரியுமோ?" அந்த விலையைப் பற்றிய விவாதம் தேத்தண்ணி முடியும்வரை போனது. இந்தச் சுற்றில் சுன்னாகம் அணி எடுத்தது சுழியம். ஆனால் நன்றாகப் பேசினோம்.

இரண்டாம் சுற்று ஊர்கள். நொட்டிங்காம் என்றதும் உலகத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வரும் பெயர் என்ன? இந்த முறை நான் முன்னுரை இல்லாமல் அடித்தேன். "றலி!"

விறாந்தையில் அமைதி. அட்டையில் றொபின் ஹூட் என்று இருந்தது. காட்டில் ஒளிந்திருந்து வில்லடிக்கிற ஒரு கள்ளனைச் சொன்னால் சரியாம், உலகத்துக்கே சைக்கிள் செய்து அனுப்பிய ஊரில் சைக்கிளைச் சொன்னால் பிழையாம். பேத்தியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், சாய்ப்பில் நிற்கிற என் றலியைக் காட்டினேன். முன்பக்கம் நாரையின் தலை பதித்த சின்னத்தையும் காட்டினேன். "எவ்வளவு பழசு அம்மப்பா!" என்றாள். என்னையா சைக்கிளையா சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

கரண்ட் இல்லாத இருட்டு, பக்கத்தில் றலி. எனக்குப் பழையது கிளம்பிவிட்டது. பிள்ளைகளைச் சுற்றி இருத்திச் சொல்லத் தொடங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் இல்லை. பற்றரி கிடையாது, பொருளாதாரத் தடை. ஆனால் இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை கேட்காமல் ஒருவருக்கும் நித்திரை வராது. 1941 இல் தொடங்கிய சேவை அது. சண்டை எங்கே, பேச்சுவார்த்தை எங்கே என்று எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சேதியையே லண்டன்தான் சொல்லும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஹாண்டிலையும் சீற்றையும் நிலத்தில் ஊன்றி, டைனமோவைச் சில்லோடு சாய்த்து, அதன் வயரை றேடியோவில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றவேண்டும். ஒரே வேகம். கொஞ்சம் ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். ஒழுங்கை முழுக்க எங்கள் முற்றத்தில்தான் கூடும். "இந்தக் கையாலை சுத்திச் சுத்தித்தான் லண்டனை இஞ்சை கேக்கப்பண்ணினது" என்று கையை உயர்த்திக் காட்டினேன். பேரன் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். எனக்கே கண் கலங்கப் பார்த்தது.

"அப்பா," என்றாள் மகள். "பெடல் சுத்தினது நான்."

"பிள்ளை, நீ அப்ப சின்னன்..."

"பன்ரண்டு வயசு. நீங்கள் சாய்மனைக் கதிரையிலை இருந்து, 'கெதியாச் சுத்து, கெதியாச் சுத்து' எண்டு கத்தினனீங்கள். சனம் முழுக்க 'உஸ்' எண்டு உங்களைத்தான் அடக்கினது."

மாஸ்ரர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். ஒரு பழைய நண்பனுக்காக அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்ப்பதில் கவனமாக இருந்தார்.

பாட்டுச் சுற்றை நான் வேகமாகக் கடக்கிறேன், நீங்களும் கடந்துவிடுங்கள். இங்கிலாந்துப் பாட்டுக்காரரில் எனக்குப் பெயர் தெரிந்தவர் இலங்கை வானொலியில் கேட்ட கிளிஃப் றிச்சர்ட் ஒருவர்தான். ஆகவே எல்லாக் கேள்விக்கும் கிளிஃப் றிச்சர்ட் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன், எப்போதாவது ஒருநாள் பலிக்காதா என்று. 1984 இல் வந்த 'லாஸ்ற் கிறிஸ்மஸ்' பாட்டுக்கும் அதுதான் விடை, பீற்றில்ஸில் மேளம் அடித்தவருக்கும் அதுதான். எல்லோரும் சிரித்தபடியால் ரோசம் வந்து கடைசிக் கேள்விக்கு மட்டும் "பீற்றில்ஸ்" என்று மாற்றினேன். 1940 இல் இந்தியாவின் லக்னோவில் பிறந்த ஆங்கிலப் பாடகர் யார் என்பது அந்தக் கேள்வி. கிளிஃப் றிச்சர்ட்டாம்.

பிறகு சாப்பாட்டுச் சுற்று. பிரித்தானியாவில் ஜாஃபா கேக் என்று ஒன்று உண்டு. உள்ளங்கையளவு வட்டம், அடியில் மெத்தென்ற மா, மேலே தோடம்பழ ஜெலி, அதற்குமேல் சொக்லேட். சூட்கேஸிலும் ஒரு பெட்டி வந்திருந்தது. அதைக் கேக் என்பதா பிஸ்கட் என்பதா என்று 1991 இல் வரி வழக்கு நடந்ததாம். சொக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. தீர்ப்பு என்ன?

நான் ஒன்றை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து ஆராய்ந்தேன். பிஸ்கட் அளவு, பிஸ்கட் பெட்டி, கடையில் வைப்பதும் பிஸ்கட் தட்டில். மாஸ்ரர் ஆதாரத்துக்காக மூன்றைச் சாப்பிட்டார். "பிஸ்கட்" என்று ஒரே குரலில் சொல்ல வாயெடுத்தோம்.

"பொறுங்கோ" என்றாள் மனுசி. பேத்தியைப் பார்த்து, "பிள்ளை, உதை மூடாமல் வைச்சால் காயுமோ, நமக்குமோ?"

"ஹார்டா வரும் அம்மம்மா."

"அப்ப கேக். பிஸ்கட் எண்டால் நமக்கவேணும்."

மருமகன் அட்டையைத் திருப்பினார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு திரும்பவும் அட்டையைப் பார்த்தார். தீர்ப்பு கேக். சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. லண்டனில் சட்டம் படித்தவர்கள் அங்கி போட்டுக்கொண்டு வாதாடியதை, இவள் தேங்காய்ப்பூத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே முடித்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை. 2022 இல் ஒரு பத்திரிகை ஒரு மரக்கறியைக் கமராவுக்கு முன்னால் வைத்து, பிரதமர் லிஸ் ட்ரஸ் முதலில் போவாரா இது முதலில் அழுகுமா என்று காட்டியதே, அது எது என்ற கேள்விக்கும் அவளே விடை சொன்னாள். நான் பூசணிக்காய் என்றேன். அழுகாத சாமானை ஏன் வைப்பான் என்று கேட்டுவிட்டு அவள் சொன்னது லெற்றூஸ். அந்த அம்மா பதவியில் இருந்தது 49 நாள். லெற்றூஸ் வென்றது.

கடைசிச் சுற்றுக்கு மருமகன் எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு கட்டு அட்டை தானே எழுதி வைத்திருந்தார். பிரித்தானியாவில் பெயரெடுத்த எங்கடை ஆட்கள். "இது உங்கடை சுற்று மாமா. இதிலை நீங்கள் எழும்பலாம்."

முதல் கேள்வி. கிறோலியில் பிறந்தவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், கணக்கு வாத்தியாராக இருந்து பகிடிக்காரராக மாறினவர், 2021 முதல் பி.பி.சி.யில் 'வீக்கஸ்ற் லிங்க்' போட்டியை நடத்துகிறவர். யார்?

"தகப்பன் எந்த ஊர்?" என்றேன்.

"அது அட்டையிலை இல்லை மாமா."

ஊர் தெரியாமல் ஆளை எப்படிப் பிடிப்பது? தாயின் ஊராவது சொல்லவேணும். மாஸ்ரர் வேறு, கணக்கு வாத்தி பகிடி விட்டால் வகுப்பு என்ன ஆகும் என்று கொதித்துக்கொண்டிருந்தார். மணல் முடிந்துவிட்டது. றொமேஷ் றங்கநாதன் என்று பேரன் துள்ளினான். பெயர் வந்த பிறகுதான் எங்களுக்குச் சூடு பிடித்தது. இணுவிலில் ஒரு றங்கநாதன், அளவெட்டியில் ஒரு றங்கநாதன் என்று நானும் மாஸ்ரரும் வடமராட்சி வரைக்கும் போய்த் தேடிக்கொண்டிருக்க, அந்த இடைவெளியில் ஹரோ அணி இன்னும் இரண்டு புள்ளியை அள்ளிவிட்டது. ஒன்று 2024 இல் மாஸ்ரர்செஃப் பட்டம் வென்ற பிறின் பிரதாபன். மிருக வைத்தியர். ("மாட்டு டொக்டரோ சமைச்சது?" என்று மனுசி.) மற்றது மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்கிற பாடகி. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து திரும்பிப் போனவர். 2019 இல் அவருக்கு எம்.பி.ஈ. விருது அறிவித்தார்கள். அந்தப் பதக்கங்களை வருஷக்கணக்காகக் கையால் தைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய தாய்தானாம். "அவ இஞ்சை இருந்தவ அம்மப்பா! உங்களுக்குத் தெரியாதா?" என்று பேத்தி கேட்டாள். யாழ்ப்பாணத்தில் 1829 இல் யார் இருந்தார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தோல்வி நிச்சயம் என்றானதும் ஒரு மனிதன் கடைசியாகப் பிடிப்பது கௌரவத்தைத்தான். பேத்தியை முன்னால் இருத்தினேன்.

"இஞ்சை பார் பிள்ளை. எலிசபெத் மகாராணி 1952 இலை இருந்து 1972 வைகாசி வரைக்கும் இலங்கைக்கும் ராணி. ரெண்டு சதக் குத்தியிலை அவவின்ர தலை. அவ முடிசூடின வருஷம் பிறந்தவன் நான். 19 வயசு வரைக்கும் நான் அவவின்ர குடிமகன். நீ எவ்வளவு காலம்?"

அவள் கணக்குப் பார்த்தாள். "பத்து வயசு வரைக்கும்."

"அப்ப ஆர் கூடப் பிரித்தானியன்?"

"நீங்கள்தான் அம்மப்பா" என்றாள் மிகவும் மரியாதையாக. "அப்ப ஏன் எங்கடை வீட்டை வாறதுக்கு உங்களுக்கு விசா வேணும்?"

பிரித்தானியா 1985 இல் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. பொதுநலவாய நாடுகளில் முதலில் அந்த மரியாதை கிடைத்தது எங்களுக்குத்தான். இதையெல்லாம் பேத்திக்கு ஒழுங்காக, ஆதாரத்தோடு சொல்லியிருக்கலாம். 30 விநாடி போதாது.

ஹரோ 41, சுன்னாகம் 9. ஒன்பதில் எட்டு மனுசியுடையது. மிச்சம் ஒன்று மாஸ்ரருடையது. மாமைற் எதிலிருந்து செய்வது என்ற கேள்விக்கு, பியர் வடிக்கிற இடத்து ஈஸ்ற்றில் இருந்து என்று அவர் பட்டென்று சொன்னார். காய்ச்சலுக்குச் சுடுதண்ணியில் மாமைற் கரைத்துக் குடிக்கிற எங்களுக்கு அதன் பூர்வீகம் தெரியாது. மாஸ்ரருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் தோண்டப் போகவில்லை. மகளும் மருமகனும் என் தலையில் ஒரு கடதாசி முடியை வைத்து, அடுத்தநாள் மத்தியானம்வரை கழற்றக்கூடாது என்று தண்டனை விதித்தார்கள். நித்திரையில் முடி நசுங்கினதற்கு மேலதிகமாக ஒரு புள்ளியைக் கழித்தான் பேரன். கழிப்பதற்கு என்னிடம் ஏது புள்ளி? அணியின் கணக்கில் கைவைத்தான். மனுசி அதற்கும் என்னைத்தான் ஏசினாள்.

விடிய மழை விட்டிருந்தது. மரக்கறி வாங்கச் சுன்னாகம் சந்தைக்குப் போகும்போது படலையைத் தாண்டியதும் முடியைக் கழற்றி மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். மனதுக்குள் ஓர் எண்ணம். வீட்டில் தோற்றால் என்ன, இரவு கேட்ட கேள்வியும் விடையும் இப்போது என் கையில். சந்தையில் யாருக்குத் தெரியப்போகிறது? நான் வழமையாக வாங்குகிற மரக்கறிக்கார அக்கா கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டிருந்தா. மெல்லத் தொடங்கினேன். "தங்கச்சி, இங்கிலாந்திலை ஒரு பிரதமர் 49 நாள்தான் இருந்தவ. ஆரெண்டு சொல்லும் பாப்பம்?"

"லிஸ் ட்ரஸ்" என்றா, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ர மூத்தவன் கவன்ரியிலை ஐயா. அவவும் அவவின்ர மந்திரியும் புரட்டாசியிலை ஒரு பட்ஜெட் போட்டு, பவுண்ஸ் சரிஞ்சு, அந்த மாசம் அவன் அனுப்பினது இஞ்சை மாத்தேக்கை எவ்வளவு குறைஞ்சுது தெரியுமோ? நான் ஒரு காப்பு அடகு மீட்கக் கிடந்தனான்."

பக்கத்து வாழைக்குலைக்காரரும், "அது சரி, பிறகு சுனக் வந்துதான் கொஞ்சம் ஏறினது" என்று சேர்ந்துகொண்டார். அவருக்கு மகள் லெஸ்ரரில். பச்சைமிளகாய்க்காரப் பெடியன், ஏறினாலும் பழைய இடத்துக்கு வர நாள் எடுத்தது என்று திருத்தினான். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, நான் ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ பாப்பம்" என்றா அக்கா. "இண்டைக்கு ஒரு பவுண்ஸ் எவ்வளவு போகுது?"

"பவுண்ஸ் என்று வரும்போது," என்று நான் தொடங்கினேன், "நாங்கள் முதலில்..."

மூன்று கடையிலிருந்தும் சதக்கணக்கோடு விடை வந்துவிட்டது.